மாமாவின் 486-ம் ஒரு பாழாய்ப்போன பேட்டரியும்

முதலில் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலோ கடையின் பின்கட்டிலோ 1990-களில் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று சாக்குப் போர்த்திக் கிடந்தால், இதைப் படித்து முடிக்கும் முன்னாலேயே எழுந்து போய் மூடியைக் கழற்றி, மதர்போர்டில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு குட்டிப் பீப்பாய் மாதிரி பேட்டரி படுத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கட்டரால் அதன் கால்களை நறுக்கி எடுத்துவிடுங்கள். குப்பையில் மட்டும் போடாதீர்கள், உள்ளே இருப்பது நிக்கல் காட்மியம், காட்மியம் விஷம். மீதியை அப்புறம் வந்து படிக்கலாம், நான் எங்கேயும் போகவில்லை.

எங்கள் மாமா செங்கோட்டையில் அச்சாபீஸ் வைத்திருந்தார். இந்த ஊர் 1956 நவம்பர் 1 வரைக்கும் மலையாளப் பக்கத்தோடுதான் இருந்தது, அதனால் கோடு மாறினாலும் கொடுக்கல் வாங்கல் மாறவில்லை. புலியரை வளைவு ஏறி ஆரியங்காவு போனால் மலையாளம், இறங்கினால் தமிழ். கல்யாணப் பத்திரிகை என்றால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தமிழில் 300, பெண் வீட்டுக்கு மலையாளத்தில் 200 என்று ஒரே ஆர்டரில் கேட்பார்கள். இதற்காகவே 1994-ல் மாமா ஒரு 486 வாங்கினார், அதாவது 486 சிப் போட்ட கம்ப்யூட்டர். 486டிஎக்ஸ்2, 66 மெகாஹெர்ட்ஸ், 8 எம்பி ரேம், அதோடு அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் ஜிஸ்ட் கார்டு. விண்டோஸுக்கு முந்தைய டாஸில் இந்திய எழுத்துகளைக் காட்டுவதற்கென்றே வந்த கார்டு அது. அதன் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் தமிழ் ‘க’வுக்கும் மலையாள ‘க’வுக்கும் ஒரே கட்டைதான், மொழியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். மாமாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று இன்றுவரை அத்தையிடம் அவர் சொன்னதில்லை.

பிறகு பெரிய ஆப்செட் கடைகள் வந்தன, ஃப்ளெக்ஸ் வந்தது, அச்சாபீஸ் பூட்டப்பட்டது, 486 மச்சுக்கு ஏறியது. குற்றாலத்தில் சீசன் என்றால் செங்கோட்டையிலும் சீசன்தான். ஜூனில் ஆரம்பித்தால் ஆகஸ்ட் வரை சாரல், மச்சில் வைத்த செருப்பே பூசணம் பூக்கும். அதில் இருபது வருஷம் கிடந்த பெட்டியைத்தான் போன வருஷம் நான் இறக்கினேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. தென்காசியில் கணக்கு எழுதுகிற வேலை. ஈயம் வைக்கத் தெரியும், அதுவும் சுமாராக.

மூடியைத் திறந்ததும் பேட்டரியைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தது. தூசி, ஈரம், ஏதோ பாசி என்று நினைத்துப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் இருந்து வரும் இரண்டு கனெக்டர்களை எந்தப் பக்கம் செருகுவது என்று முழித்தபோது மாமாவே சொன்னார், “கறுப்பும் கறுப்பும் நடுவுல சேரணும்ல, மாத்திச் செருகினா போர்டு காலி.” பி8, பி9 என்ற அந்த இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், மாற்றிச் செருகினாலும் போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால்தான் இந்தப் பாடம். முப்பது வருஷம் கழித்தும் அவர் வாயில் நின்றது. சரி என்று சுவிட்சைப் போட்டேன்.

ஃபேன் கால் சுற்றுச் சுற்றியது. டப் என்று ஒரு சத்தம், கூடுதல் கார்டுகளைச் செருகும் ஐஎஸ்ஏ சிலாட் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொறி, அழுகல் முட்டையும் பட்டாசும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். அடுப்பங்கரையில் இருந்து அத்தை, “என்னத்தல கொளுத்துதீக?” என்றாள்.

வெடித்தது ஒரு டான்டலம் கண்டன்சர். மஞ்சள் நிறத்தில் மழைத்துளி மாதிரி இருக்கும் குட்டி உருண்டை. பன்னிரண்டு வோல்ட் கோட்டுக்கும் தரைக்கும் நடுவே உட்கார்ந்திருப்பது, பல வருஷம் மின்சாரம் பார்க்காமல் கிடந்துவிட்டு ஒருநாள் திடீரென்று முழு வோல்ட்டேஜும் வந்தால் உள்ளே ஷார்ட் ஆகிவிடும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சுவிட்சைப் போடும் முன் மல்டிமீட்டரை வைத்து ஐந்து வோல்ட்டுக்கும் தரைக்கும், பன்னிரண்டு வோல்ட்டுக்கும் தரைக்கும் எத்தனை ஓம் என்று பார்த்திருந்தாலே பிடிபட்டிருக்கும். இரண்டு நிமிஷ வேலை. செய்யவில்லை.

போர்டை மட்டும் கழற்றி, துணியில் சுற்றி, ரயிலேறிப் புனலூர் போனேன். 1904-ல் போட்ட பாதை, 2018-ல் முழுக்க அகலப் பாதை ஆனது, பதிமூன்று கண் பாலத்தைப் பார்க்க இன்னும் ஜன்னலுக்கு அடிதடி. புனலூரில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு சேட்டன் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். போர்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “இது ஆரு ஓண் செய்து?” என்றார். நான் பேசாமல் நின்றேன். அது போதும் அவருக்கு.

பேட்டரியைக் காட்டி, “வினாகிரி ஒழிச்சு நல்லோணம் கழுகணம்” என்றார். எல்லையில் வளர்ந்தவன்தான், இருந்தாலும் ஒரு நொடி, வினாகிரியை ஒழித்துவிட்டுக் கழுவச் சொல்கிறாரோ என்று குழம்பினேன். மலையாளத்தில் ஒழிப்பது என்றால் ஊற்றுவது. நமக்கு ஒழிப்பது வேறே ஒழிப்பது. வினாகிரி என்பது நம் வினிகர்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம், நானே தப்பாக நினைத்துக்கொண்டிருந்தது. கார் பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம், அது சிந்தினால் சோடா உப்பைக் கரைத்து ஊற்றுவார்கள். மதர்போர்டுப் பீப்பாயில் இருப்பது அதற்கு நேர் எதிர், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். அதன்மேல் சோடா உப்பைப் போடுவது வீண், புளிப்புதான் வேண்டும். வினிகர் இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு. இன்னொன்று, இந்தப் பேட்டரி மூன்று செல் சேர்ந்து 3.6 வோல்ட். கம்ப்யூட்டர் ஓடும்போது சார்ஜ் ஏறும், அணைத்திருக்கும்போது தேதி, நேரம், ஹார்ட் டிஸ்க் விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் உத்தியோகம். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் கசிய ஆரம்பித்துவிடும். கசிந்தது கால் வழியாக இறங்கி, செம்பு டிராக் வழியே, பச்சைப் பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்துபோகும். மேலே பூச்சு நன்றாக இருக்கும், கீழே செம்பு இருக்காது. மாமாவின் 486-ல் ஒரு சில்லும் வயதாகிச் சாகவில்லை, தேதி காட்டுவதற்காக வைத்த ஒரு பேட்டரிதான் அத்தனையையும் தின்றிருக்கிறது.

சேட்டன் ரிப்பேர் செய்து தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கூலி கொடுத்துச் செய்கிற வேலை இல்லை இது, நாள்கணக்கில் உட்கார வேண்டும், நீயே உட்கார் என்கிற மாதிரி சொன்னார். வெடித்ததற்குப் பதில் ஒரு புது டான்டலம் கொடுத்தார், பன்னிரண்டு வோல்ட் கோட்டுக்கு இருபத்தைந்து வோல்ட் தாங்குவதாகப் போடு, பழையபடி பதினாறு போடாதே என்றார். ஐஎஸ்ஏ சிலாட்டில் செருகும் போஸ்ட் கார்டு ஒன்றும், அதாவது கம்ப்யூட்டர் கிளம்பும்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எண்ணில் காட்டும் சோதனைக் கார்டு, கொடுத்தார், திருப்பித் தரவேண்டும் என்ற கண்டிப்போடு.

கழுவுகிற படலம் மட்டும் நான்கு நாள். பேட்டரியை எடுத்து, கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் முதல் புரோகிராம் இருக்கும் பயாஸ் ஐசியையும் கீபோர்டு ஐசியையும் சாக்கெட்டில் இருந்து கழற்றி, பல்விளக்கும் பிரஷ்ஷால் வினிகர் தேய்த்தேன். சிறு சிறு நுரை வந்தது. பிறகு பேட்டரி தண்ணி என்று கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசல், பிறகு மொபைல் கடையில் வாங்கிய ஐபிஏ என்கிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். காய வைக்க வெயில் இருந்தால்தானே? வெளியே சாரல். டேபிள் ஃபேன் முன்னால் இரண்டு நாள் நிறுத்திவைத்தேன். பயாஸ் ஐசியைக் கழற்றும்போது ஒரு கவனம் வேண்டும். அது 27சி512, முதுகில் ஒரு கண்ணாடி ஜன்னல், அதன்மேல் ஸ்டிக்கர். பிராண்ட் பெயர் படிக்கலாம் என்று அந்த ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். புற ஊதா வெளிச்சம் பட்டால் உள்ளே எழுதியது அழிந்துபோகும், அழிப்பதற்காகவே வைத்த ஜன்னல் அது.

காய்ந்த பிறகு, சேட்டன் சொன்னபடி, முதலில் ஓம். பன்னிரண்டு வோல்ட்டில் இப்போது ஷார்ட் இல்லை. சுவிட்ச். ஃபேன் சுற்றியது, போஸ்ட் கார்டில் வோல்ட்டேஜ் விளக்குகள் நான்கும் எரிந்தன, எண் காட்டும் இடத்தில் இரண்டு கோடு. ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தம். சிபியூ முதல் வரியையே படிக்கவில்லை.

இங்கேதான் என் கணக்கு எழுதும் புத்தி உதவியது. ஒரு பழைய பேரேட்டை எடுத்து இடது பக்கம் பயாஸ் ஐசியின் கால்கள், வலது பக்கம் ஐஎஸ்ஏ சிலாட்டின் கால்கள் என்று எழுதினேன். பயாஸின் முகவரிக் கால்கள் பதினாறு, ஒவ்வொன்றும் சிலாட்டில் ஒரு காலோடு நேராகச் சேர்ந்திருக்க வேண்டும். பத்தாம் கால் சிலாட்டின் ஏ31-க்கு, ஒன்பது ஏ30-க்கு, எட்டு ஏ29-க்கு, இப்படி. மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஒரு முனை இங்கே, ஒரு முனை அங்கே. பீப் என்றால் டிக். வரவு செலவு ஒத்துப்பார்க்கிற மாதிரிதான், ஒன்று இடிக்கும், இடிப்பதைக் கண்டுபிடித்தால் முடிந்தது. பதினைந்து டிக் விழுந்தது. இருபத்தேழாம் கால், ஏ17-ஓடு சேர வேண்டியது, ஊமை.

ஒரு கோடு போனால் என்ன, மீதி பதினைந்து இருக்கிறதே என்று தோன்றும். ரீசெட் ஆனதும் சிபியூ முதலில் தேடிப்போவது பயாஸ் ரோமின் கடைசிப் பதினாறு பைட்டை. அங்கே போக மேல் கோடுகள் எல்லாமே ‘1’ என்று நிமிர்ந்து நிற்க வேண்டும், அதில் ஒன்று தொங்கினால் வேறு எங்கேயோ போய் எதையோ படித்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். என் போர்டில் அந்த டிராக் பேட்டரிக்கு நேர் கீழே போகிறது. பூச்சைப் பிளேடால் சுரண்டினால் செம்பு இருந்த இடத்தில் கறுப்புப் பொடி.

ஜம்பர் அடிக்க, அதாவது அறுந்த டிராக்குக்குப் பதிலாக இழுக்க, மெல்லிய எனாமல் கம்பி வேண்டும். பிரானூர் பார்டரில் மர அறுவை மில்களுக்கு மோட்டார் வைண்டிங் செய்கிற கடை உண்டு, அங்கே போய்க் கேட்டேன். மோட்டார் கம்பி இதற்குத் தடிமன் என்று அவரே சொல்லி, சீலிங் ஃபேன் கம்பி ஒரு முழம் வெட்டிக் கொடுத்தார். காசு கொடுத்தபோது, “முழக் கம்பிக்கு பில்லாவே போடச் சொல்லுதீரு?” என்றார்.

எனாமலைச் சுரண்டி, முனையில் ஈயம் பூசி, இரண்டு பக்கமும் வைத்தேன். எழுதும்போது ஒரு வரி. செய்யும்போது ஒரு சாயங்காலம், ஏனென்றால் காரம் பட்ட இடத்தில் ஈயம் ஒட்டாது, உருண்டை உருண்டையாக ஓடும். சுரண்ட வேண்டும், ஈயத்தை ஒட்டவைக்கும் ஃபிளக்ஸ் வைக்க வேண்டும், மறுபடி சுரண்ட வேண்டும்.

சுவிட்ச். போஸ்ட் கார்டில் எண்கள் ஓடின! ஓடி நின்றன, ஸ்பீக்கரில் பீப் பீப் என்று அடித்தது. எத்தனை பீப்? நான் ஐந்து என்றேன், பக்கத்தில் நின்ற மகள் ஆறு என்றாள். இது ஏஎம்ஐ பயாஸ், அதில் ஐந்து என்றால் சிபியூ போச்சு, ஆறு என்றால் கீபோர்டு ஐசி வழியாகப் போகிற ஏ20 கேட். சண்டை போட்டுப் பயனில்லை என்று போனில் பதிவுசெய்து மூன்று தடவை போட்டுக் கேட்டோம். ஆறு. மகளுக்கு அன்று ஒரு பரோட்டா கூடுதல்.

இந்த ஏ20 சமாசாரம் வேடிக்கையானது. முதல் பிசியில் இருந்த 8088-க்கு இருபது முகவரிக் கோடுகள், அதாவது 1 எம்பி. அதைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு மறுபடி பூஜ்யத்துக்கே வந்துவிடும், சில புரோகிராம்கள் அந்தச் சுற்றையே நம்பி எழுதப்பட்டிருந்தன. 1984-ல் ஐபிஎம் ஏடி வந்தபோது 286-க்குக் கோடுகள் இருபத்துநான்கு, சுற்றாமல் நேராகப் போய்விடும். பழைய புரோகிராம் கெடாமல் இருக்க இருபத்தோராவது கோட்டுக்கு ஒரு கதவு போட்டார்கள். அந்தக் கதவை யார் கையில் கொடுத்தார்கள் என்றால், ஒரு கால் சும்மா இருக்கிறதே என்று, கீபோர்டு ஐசியின் கையில். புலியரை செக்போஸ்ட்டில் லாரியை விடலாமா வேண்டாமா என்பதை எதிர்த்த டீக்கடைக்காரரிடம் கேட்டு முடிவு செய்கிற மாதிரி. பத்து வருஷம் கழித்து வந்த மாமாவின் 486-லும் அதே டீக்கடைக்காரர்தான்.

8042 வகை ஐசி, நாற்பது கால், அதில் இருபத்திரண்டாம் கால்தான் அந்தக் கதவு. டிராக் நன்றாக இருந்தது. சாக்கெட்டுக்குள் இருக்கும் கவ்விதான் பச்சை பிடித்து இற்றுப்போயிருந்தது. வேறு வழியில்லை, சாக்கெட்டையே மாற்ற வேண்டும். நாற்பது கால், ஒவ்வொன்றாக ஈயத்தை உருக்கி பம்பால் உறிஞ்சி. முப்பத்தொன்பது வந்துவிட்டது. இருபதாம் கால், தரையோடு சேர்வது, அசையவில்லை. போர்டுக்கு உள்ளே தரைக்கென்றே ஒரு முழுச் செம்புத் தகடு இருக்கிறது, என் 25 வாட் அயர்ன் கொடுக்கிற சூட்டையெல்லாம் அது வாங்கிக் குடித்துவிடுகிறது. அவசரப்பட்டு இழுத்திருந்தால் துளையின் உள்பூச்சே பிய்ந்து வந்திருக்கும். ஒருமுறை புத்தி வந்ததனால் இழுக்கவில்லை. மறுநாள் 60 வாட் அயர்ன் இரவல் வாங்கி வைத்தேன், வெண்ணெயில் இருந்து முடி எடுப்பது போல வந்தது.

புது சாக்கெட், ஐசி, ரேம் கால்களைப் பென்சில் அழிரப்பரால் ஒரு தேய்ப்பு, சுவிட்ச். ஒரே ஒரு பீப். பழைய எல்சிடி மானிட்டரில் எழுத்து வந்தது, டிக் டிக் டிக் என்று ரேம் எண்ணும் சத்தம் வந்தது, 8 எம்பி வரை எண்ணியது. பிறகு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அதுவே புகார் சொன்னது. தேதி 1980 ஜனவரி 1.

பேட்டரிக்குப் பதில் என்ன வைப்பது என்று நிறையப் பேர் குழம்புவார்கள். கைக்கடிகார சைஸ் வட்ட பேட்டரியை அப்படியே பற்றவைக்காதீர்கள், அது சார்ஜ் ஏறும் ரகம் இல்லை, போர்டு அதற்குள் சார்ஜைத் தள்ளும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றை நடுவில் போட்டால்தான் ஆகும். என் போர்டில் வெளியே இருந்து பேட்டரி கொடுக்க நான்கு கால் கனெக்டர் ஒன்று இருந்தது, பக்கத்தில் உள் பேட்டரியா வெளிப் பேட்டரியா என்று மாற்றிவைக்கும் குட்டி ஜம்பர். மூன்று ஆல்கலைன் ஏஏ செல், பெட்டியோடு, 4.5 வோல்ட், வயரை வெளியே இழுத்து கேபினட்டின் முதுகில் டேப் போட்டு ஒட்டினேன். இந்த செல்லும் ஒருநாள் கசியும், அதற்குள்ளேயும் அதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடுதான். கசிந்தால் சுவரில் கசியட்டும்.

ஹார்ட் டிஸ்க் கதை சின்னது. 420 எம்பி டிஸ்க் சுற்றுகிறது, ஆனால் உள்ளே டக் டக் என்று எதையோ தட்டுகிறது. அணைத்து எடுத்து வைத்துவிட்டேன். அதில்தான் ஜிஸ்ட் கார்டின் டிரைவரும், மாமா அடித்த பத்திரிகைகளும் இருக்கின்றன. இப்போதைக்கு 512 எம்பி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை அடாப்டரில் செருகி டாஸ் ஏற்றியிருக்கிறேன். அந்தக் காலத்து பயாஸ் 528 எம்பிக்கு மேல் பார்க்காது, 512 கச்சிதம்.

பெட்டியை மாமா வீட்டிலேயே, பழைய அச்சாபீஸ் மேஜையில் வைத்தேன். மாமா வந்து உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. முன்னால் இருந்த டர்போ பட்டனை அழுத்தினார், சிவப்பு எழுத்தில் 66 என்பது 33 ஆனது, மறுபடி அழுத்தினார், 66. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று காட்டும் ‘டிர்’ கட்டளையை அடித்துப் பார்த்தார். “தமிழ் வராதோ?” என்றார். டிஸ்க்கைச் சொன்னேன். “ம்” என்றார். திரும்பிப் போகும்போது முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்து, “இது கடிகாரத்துக்குப் போடுத செல்லுல்லா?” என்றார். ஆமாம் மாமா, அதேதான் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் சுவிட்ச் போட்டால் தேதி 1980 ஜனவரி 1. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஜம்பர் விட்டுவிட்டதா, இன்னொரு டிராக் இற்றுவிட்டதா என்று மூடியைத் திறந்து பேரேட்டை விரித்து, முக்கால் மணி நேரம் மீட்டரை வைத்துக் குடைந்தேன். எல்லாம் டிக். கடைசியில்தான் முதுகில் ஒட்டியிருந்த பெட்டியைப் பார்த்தேன். அதில் இரண்டு செல்தான் இருந்தது. தலையைத் தூக்கினால், எத்தனையோ மாசமாக நாலேகாலில் நின்றுகிடந்த சுவர்க்கடிகாரம் சரியான நேரம் காட்டிக்கொண்டு ஓடுகிறது.

“மாமா,” என்றேன்.

“மூணுல ஒண்ணுதாம்ல எடுத்தேன்,” என்றார். “மிச்சம் ரெண்டு அதுலயேதான கெடக்கு?”